தூண்டில் முள் கையில் தைத்தால்...

ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்காருகிறவருக்குப் பொறுமை வேண்டும். முள் கையில் தைத்துவிட்டாலோ, இன்னும் அதிகப் பொறுமை வேண்டும்!

தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கிச் சாய்ந்த சிறு கூர் ஒன்று உண்டு. மீனை நழுவவிடாமல் பிடிப்பது அதுதான். தைத்த முள்ளை வந்த வழியே பிடுங்கினால், அந்தக் கூர் சதையைக் கிழித்துவிடும். ஆகவே முதலில் தங்கூசி நரம்பை அறுத்து, கையை அசைக்காமல் வைக்க வேண்டும்.

மேலாகத் தைத்த முள்ளை எடுக்க ஓர் உபாயம் உண்டு. 1961-ல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் அது வெளியாயிற்று. முள்ளின் வளைவில் உறுதியான நூலைக் கோத்து, காம்பைத் தோலோடு அழுத்திக்கொண்டு, நூலைத் தோலுக்கு இணையாக, காம்புக்கு எதிர்ப்பக்கமாக வெடுக்கென்று இழுப்பார்கள். பழகியவரே இதைச் செய்யலாம். முள் தெறித்து வரும் திசையில் யாரும் நிற்கக் கூடாது.

ஆழமாகவோ மூட்டிலோ தைத்தால் வைத்தியரே எடுக்கட்டும். கண்ணில் தைத்தால் முள்ளைத் தொடவே கூடாது. கண்ணை அழுத்தாதபடி காகிதக் குவளையால் மூடி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

முள் வந்தபின் காயத்தைச் சோப்புப் போட்டுச் சுத்தமான நீரில் கழுவ வேண்டும். ஏரி நீர் உதவாது. அதில் கிருமிகள் உண்டு. ரணஜன்னித் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகள் ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்வது நலம். காயம் சிவந்து வீங்கினால் தாமதம் கூடாது.

புறப்படும்போதே கம்பி வெட்டும் குறடு, சோப்பு, குடிநீர், சுத்தமான துணி ஆகியவை பையில் இருக்கட்டும். கண்ணாடி அணிவது கண்ணுக்குக் காவல். எதிர்க்கூரைக் குறடால் நசுக்கி வைத்தால் தைத்த முள் எளிதில் வந்துவிடும். தூண்டிலை வீசுமுன் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்ப்பது அவசியம்.

நழுவிய மீனை நாளை பிடிக்கலாம். போன கண்ணைப் பிடிக்க முடியுமா?