மழைக்காலத்தில் முதிய தம்பதியருக்கு 20 சென்ட் போதும்

அரசுப் பணியில் இருப்பவருக்கு 60 வயதில் ஓய்வு என்று ஆணை இருக்கிறது. உழவருக்கு அப்படி ஓர் ஆணை கிடையாது. முழங்கால் வலி வரும்போதோ, மகன் "இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மண்வெட்டியை வாங்கிக்கொள்ளும்போதோதான் அவருக்கு ஓய்வு தொடங்குகிறது. அதன்பின் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திண்ணையில் அமர்ந்துவிடுவோர் உண்டு. பழைய வேகத்திலேயே உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்வோரும் உண்டு. இரண்டும் நல்லதல்ல. வீட்டை ஒட்டிய ஒரு சிறு நிலத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, தம் உடம்புக்கு ஏற்றவாறு பயிர் செய்வதே நல்ல வழி.

இந்த வழிக்கு உண்மையான சோதனை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் வருகிறது. நம் முன்னோர் இவ்விரு மாதங்களைக் கூதிர் காலம் என்றனர். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. மண்ணுக்கு இது பொற்காலம். வயதானவர்களுக்கோ வழுக்கலும் குளிரும், ஆடு கோழிகளுக்கு நோயும் வரும் காலம். இப்பருவத்தைத் திட்டமிட்டுக் கடந்துவிட்டால் ஆண்டின் மற்ற மாதங்கள் எளிதாகிவிடும்.

எடுத்துக்காட்டாக, 66 வயதுள்ள ஒரு பெரியவரையும் 61 வயதுள்ள அவர் மனைவியையும் எடுத்துக்கொள்வோம். 3 ஏக்கர் நிலத்தை மகன் பயிர் செய்கிறார். வீட்டைச் சுற்றியுள்ள 20 சென்ட் மட்டும் இவர்கள் பொறுப்பில் இருக்கிறது. அதில் 4 தென்னை, 2 முருங்கை, வேலியோரம் அகத்தி, ஓர் அவரைப் பந்தல், கீரைப் பாத்திகள், 3 வெள்ளாடுகள், 10 நாட்டுக்கோழிகள் உள்ளன. கறவை மாடு இல்லை. அதிகாலையில் கறப்பது, சாணம் அள்ளுவது, தீவனம் சுமப்பது ஆகியவை இந்த வயதில் இருவருக்கு மிகுதியான வேலை. காலையில் 2 மணி நேரம், மாலையில் 1 மணி நேரம் என்பதே இவர்களின் அளவு.

புரட்டாசியில் முடிக்க வேண்டியவை

மழை தொடங்கிய பிறகு ஓடியாடக் கூடாது. புரட்டாசிக் கடைசிக்குள் வடிகால்களைத் தூர் எடுக்க வேண்டும். முருங்கைக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது. ஆகவே, அதன் அடியில் மண் அணைக்க வேண்டும். இவ்வேலைகளுக்கும், தென்னையில் ஏறி மட்டைகளைக் கழித்துக் கொண்டையைத் துப்புரவு செய்வதற்கும் ஒரு நாள் கூலி ஆள் வைத்துக்கொள்வது சிக்கனமே. இளமையில் எத்தனை மரம் ஏறியிருந்தாலும், பெரியவர் இனி மரம் ஏறுதல் கூடாது.

வெள்ளாடுகளுக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்து, துள்ளுமாரி நோய்க்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி தவறக் கூடாது. ஊசி போட்டதும் எதிர்ப்பு சக்தி வந்துவிடாது. அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். எனவேதான் மழைக்கு முன்பே போட வேண்டும் என்கிறோம்.

விடிந்த பின் வேலை

நான்கு மணிக்கே எழுந்து இருட்டில் தோட்டத்துக்குப் போவது பலருடைய பழக்கம். இப்பருவத்தில் அதை நிறுத்திவிட்டு, நன்றாக வெளிச்சம் வந்த பிறகே இறங்க வேண்டும். முதலில் கோழிகளைத் திறந்துவிட்டு, எண்ணிப் பார்த்து, எச்சத்தைக் கவனிக்க வேண்டும். ஆடுகளைப் பனி ஈரம் காயுமுன் புல்லில் விடக் கூடாது. மழைக்குப் பின் துளிர்க்கும் இளம்புல்லை வெறும் வயிற்றில் அளவுக்கு மீறித் தின்பதால்தான் வயிறு உப்புசமும் துள்ளுமாரியும் வருகின்றன. முதலில் உலர்ந்த கடலைக்கொடி அல்லது சோளத்தட்டை கொடுத்துவிட்டு, வெயில் வந்தபின் மேய விடலாம். அடைமழை நாட்களில் அகத்தித் தழையை ஒடித்துக் கொட்டிலிலேயே கட்டித் தொங்கவிடலாம்.

கீரைக்கு 5 பாத்திகள்

கீரை இந்த அம்மையாரின் பொறுப்பு. பாத்தியின் அகலம் 1 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அப்போதுதான் இரு பக்கமும் ஒரு முக்காலியில் உட்கார்ந்தபடியே கையால் எட்டிக் களை எடுக்க முடியும். குனிந்து குனிந்து இடுப்பு நோகாது. பாத்தியை அரை அடி உயர்த்திப் போட்டால் மழைநீர் வடிந்துவிடும்.

இப்படி 5 பாத்திகள் அமைத்து, வாரத்துக்கு ஒன்று வீதம் சிறுகீரை அல்லது தண்டுக்கீரை விதைக்க வேண்டும். விதையுடன் மணல் கலந்து தூவினால் சீராக விழும். பெருமழை வரும்போலத் தெரிந்தால் முளைக்கும் வரை தென்னங்கீற்றால் மூடலாம். நான்கு வாரத்தில் முதல் பாத்தி பறிப்புக்கு வரும். பறித்த பாத்தியில் தொழுஉரம் இட்டு மறுவாரம் மீண்டும் விதைக்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைத்தால் ஒரே வாரத்தில் விற்க முடியாமல் கீரை முற்றிவிடும். இந்த முறையில் வாரம் ஒரு பாத்தி என்று வீட்டுக்கும் போக, விற்பனைக்கும் கிடைக்கும். இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளங்கள் தெரிந்தால் அது வெள்ளைத்துரு நோய். அந்தச் செடிகளைப் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும்.

ஆடியில் ஊன்றிய அவரை, பகல் பொழுது குறையக் குறையப் பூக்கத் தொடங்கும். பந்தலை 5 அடி உயரத்தில் அமைத்திருந்தால் ஏணி தேவையில்லை. கார்த்திகைக் குளிரில் கொழுந்துகளில் அசுவினி அடையும். தொடக்கத்திலேயே அந்த நுனிகளைக் கிள்ளி அழித்துவிடலாம். மிஞ்சினால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 1 லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்துக் கைத்தெளிப்பானால் தெளிக்கலாம். முதுகில் சுமக்கும் 16 லிட்டர் தெளிப்பான் இந்தத் தோட்டத்துக்குத் தேவையில்லை.

முட்டை குறைந்தால் கோழியை விற்காதீர்கள்

கார்த்திகையில் முட்டை குறைவது கோழியின் குற்றமன்று. பகல் வெளிச்சம் 12 மணி நேரத்துக்கும் கீழே போய்விடுவதே முக்கியக் காரணம். தை பிறந்து பகல் நீளும்போது முட்டை கூடும். ஆனால், ஈரத்தில் பூசணம் பிடித்த தானியத்தையும் பிண்ணாக்கையும் "கோழிதானே" என்று போட்டுவிடக் கூடாது. பூசண நஞ்சு ஈரலைக் கெடுத்துக் கோழியைக் கொன்றுவிடும்.

கிடாக்குட்டியை விற்பதாக இருந்தால் தீபாவளியை ஒட்டி விற்றுவிடுவது நல்லது. கார்த்திகையில் மாலை அணிவோர் பெருகுவதால் பல ஊர்களில் இறைச்சி விற்பனை மந்தமாகிவிடும்.

மார்கழியில் தென்னைக்கு இரண்டாவது தவணை உரம் இட வேண்டும். மண்ணில் ஈரம் இருக்கும்போது, மரம் ஒன்றுக்கு யூரியா 650 கிராம், சூப்பர் பாஸ்பேட் 1 கிலோ, பொட்டாஷ் 1 கிலோ இட்டுக் கொத்தி மூடலாம். 4 மரங்களுக்கு யூரியா 2.6 கிலோ, மற்றவை 4 கிலோ வீதம் போதும். ஒரு நாளைக்கு ஒரு மரம் என்று நான்கு நாட்களில் செய்து முடிக்கலாம்.

கூரைநீரையும் வீணாக்கக் கூடாது. 500 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 460 லிட்டர் நீர் விழுகிறது. முதல் மழையை வெளியேற்றிவிட்டுப் பின்வருவதைத் தொட்டியில் சேர்த்தால், மழை விட்ட நாட்களில் குடம் சுமக்கும் வேலை மிச்சம்.

உடம்பைக் காப்பது

மழைக்காலத்தில் எலியைத் தேடி வைக்கோல் போருக்கும் வீட்டுக்கும் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரங்களில் வலியே தெரியாது. இருவரும் கட்டிலில் கொசுவலையைச் செருகிப் படுப்பதே சிறந்த பாதுகாப்பு. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108 ஊர்தியில் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் சேற்றில் வெறுங்காலுடன் இறங்கக் கூடாது. மாலையில் கால்களைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, புண் இருக்கிறதா என்று ஒருவர் காலை மற்றவர் பார்க்க வேண்டும். கண் மங்கியவருக்குத் தன் பாதப்புண் தெரியாது. ஈரக் கையால் மோட்டார் சுவிட்சைத் தொடுவதும், இடி மின்னலின்போது மரத்தடியில் ஒதுங்குவதும் உயிருக்கு ஆபத்து. ஆடு மாடுகளுக்கு நோய் கண்டால் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

நிலம் யார் பெயரில்?

கடைசியாக ஒன்று. மழைக்காலத்தில் வெளி வேலை குறைவு. பிள்ளைகளும் தீபாவளிக்கு வீடு வந்திருப்பார்கள். பாகப் பேச்சு எழுவதும் இப்போதுதான். மகனுக்கு நிலத்தைக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால், வீட்டையும் அதை ஒட்டிய இந்த 20 சென்டையும் இருவர் காலம் வரை தம் பெயரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற நிலத்தைத் தானமாக எழுதும்போதும், "எங்களை வைத்துப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்கும்படி 60 வயது கடந்தவர்கள் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். வாய்ச்சொல்லை நம்பி எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு நிரூபிப்பது கடினம். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும் இருக்கிறது.

கீரையும் முட்டையும் விற்ற காசு அந்த அம்மையார் கையில் இருக்கட்டும். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வரட்டும். தொகை சிறியதுதான். ஆனாலும், மருந்துக் கடைக்குப் போகவும் பேரக்குழந்தைக்குப் பலகாரம் வாங்கவும் எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. கார்த்திகைக்குப் பின் மழை இல்லை என்பார்கள். மழை விடுவதற்குள் அடுத்த பட்டத்துக்கான விதையைக் காயவைத்து எடுத்து வைத்துவிட்டால், தை மாத வேலையும் தயாராகிவிடும்.