1940-ல் மறைந்தவர் 1975-ல் இசையமைத்தார்!

காலமாகி 35 வருஷங்களான ஒருவர் புதிய படத்துக்குச் சங்கீதம் அமைக்க முடியுமா? "இதென்ன வேடிக்கை!" என்று நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் பிரான்ஸில் அப்படித்தான் நடந்தது.

அவர் பெயர் மாரிஸ் ஜோபேர். கடலோர நகரமான நீஸில் 1900-ல் பிறந்தவர். சட்டம் படித்து வக்கீலானார். மனம் என்னவோ கோர்ட்டில் நிற்கவில்லை; கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுச் சங்கீதத்துக்கே வந்துவிட்டார்.

கதாநாயகி அழுதால் பிடிலும் கூடவே அழுவது அவருக்குப் பிடிக்காது. கண்ணுக்குத் தெரிவதையே காதுக்கும் எதற்காகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி.

1933-ல் ழான் விகோ என்ற இளம் டைரக்டர், பள்ளிக்கூட விடுதிப் பையன்களைப் பற்றி ஒரு படம் எடுத்தார். அதில் ஒரு தலையணைச் சண்டை. இறகுகள் பனியைப் போல் மெதுவாகப் பறக்கின்றன. அதற்கு ஜோபேர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு மெட்டை எழுதி, அதைக் கடைசி ஸ்வரத்திலிருந்து தலைகீழாக வாசிக்கச் சொன்னார். பிறகு அந்த ஒலிப்பதிவைப் பின்புறமாக ஓடவிட்டார்! மெட்டு நேராகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாதமும் தேய்ந்து மறைவதற்குப் பதிலாக, எங்கிருந்தோ வளர்ந்து வந்து சட்டென்று நிற்கிறது. கனவில் கேட்பது போன்ற சங்கீதம்!

மறு வருஷம் இருவரும் சேர்ந்து செய்த படம் 'லாதலாந்த்'. சரக்குப் படகிலேயே குடித்தனம் வைக்க வரும் ஒரு புதுப்பெண்ணின் கதை. விநியோகஸ்தர்கள் அதை வெட்டினார்கள்; ஜோபேரின் இசையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அப்போது பிரபலமாயிருந்த ஒரு பாட்டைப் புகுத்தினார்கள். அதே வருஷம் விகோ மறைந்தார். வயது 29தான்.

யுத்தம் வந்தது. ஜோபேர் போர்முனைக்குப் போனார். 1940 ஜூன் 19-ஆம் தேதி குண்டடிபட்டு மாண்டார். இன்னும் மூன்றே நாள் பொறுத்திருந்தால்! ஜூன் 22-ல் பிரான்ஸ் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது.

அவருடைய இசை ஏடுகள் மட்டும் காத்திருந்தன. விக்டர் ஹ்யூகோவின் மகள் அடேலின் சோகக் கதையை 1975-ல் படமாக்கிய டைரக்டர் த்ரூஃபோ, அவற்றைத் தேடி எடுத்தார். வாத்திய கோஷ்டி மறுபடி வாசித்தது. ஒன்றல்ல, 1978-க்குள் நான்கு படங்கள்! நான்காவது படத்தின் நாயகன், இறந்தவர்களை மறக்க மாட்டாமல் அவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறவன். அவன் வைத்திருக்கும் படங்களில் ஜோபேரின் படமும் இருக்கிறது.

மெட்டுப் போட்டவர் மறையலாம். வாசிக்க ஒருவர் ஏட்டைத் திறந்தால் போதும், அவர் திரும்பி வந்துவிடுகிறார், இல்லையா?