உங்களுக்குத் தெரியுமா? பனிமலையில் டிரெய்லர்
உறைபனியையே காணாத ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான, ஏறக்குறைய 41 டன் எடையுள்ள டி-72 டாங்கிகள், இன்று லடாக்கின் பனிப் பிரதேசத்திலும் தேசத்தைக் காத்து நிற்கின்றன. இத்தகைய பாரத்தை டிரெய்லரில் ஏற்றி, சுமார் 11,500 அடி உயரமுள்ள ஜோஜி லா போன்ற கணவாயில் இறங்கும் சாரதி, பனிக்கட்டி படிந்த வளைவிலே திடீரெனப் பிரேக்கை மிதிப்பாராயின், இழுக்கும் வண்டியின் வேகம் குறைந்தும் பின்பாரம் அடங்காமல் அதனைத் தள்ள, இரண்டும் மடக்குக்கத்தி போல் மடங்கிவிடும். ஆகையால், முன்செல்லும் வாகனத்துக்கு வெகுதூரம் இடம் விட்டு, முதல் அல்லது இரண்டாம் கியரிலேயே நிதானமாய் இறங்குவது உத்தமம். டிரெய்லர் சக்கரங்களுக்கும் சங்கிலி பூட்டுதல் அவசியம். அதனை அசட்டை செய்வது பெரும் அபாயம். மலைநிழல் விழும் வளைவுகளில் நண்பகலிலும் பனிக்கட்டி உருகாதிருக்கலாம். வெறும் ஈரம்போல் மினுங்கும் கரிய தாரே அங்கு மிகவும் வழுக்கும்.