சுரபாயாவில் சிந்திய ரத்தம்

1945-ஆம் வருஷம் ஆகஸ்டு 17-ஆம் தேதி ஸுகர்ணோவும் ஹட்டாவும் இந்தோனேஷியாவின் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தார்கள். மூன்று வருஷங்களுக்கு முன் ஜப்பானிடம் தோற்றுப்போன டச்சுக்காரர்களோ, பழைய ஆட்சி தானே திரும்பிவிடும் என்று மனப்பால் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜாவா தீவின் துறைமுக நகரமான சுரபாயாவில், செப்டம்பர் 19-ஆம் தேதி, ஒரு ஹோட்டலின் உச்சியில் டச்சுக் கொடி பறக்கக் கண்டார்கள் வாலிபர்கள். மேலே ஏறி அதிலிருந்த நீலப் பட்டையைக் கிழித்தெறிந்தார்கள். எஞ்சிய சிவப்பும் வெள்ளையும் இந்தோனேஷியக் கொடியாகிவிட்டன!

அக்டோபர் 25-ஆம் தேதி, ஜப்பானியரை நிராயுதபாணிகளாக்கவும் கைதிகளை மீட்கவும் என்று சொல்லி, பிரிட்டிஷ் சைனியம் ஒன்று அங்கே வந்து இறங்கியது. தலைவர் மல்லபி ஆங்கிலேயர். சிப்பாய்கள் யார்? நம்மவர்களே! 49-வது இந்தியக் காலாட்படைப் பிரிகேட் அது.

இரண்டே நாளில், ஆயுதங்களை ஒப்படைக்கும்படி விமானத்திலிருந்து துண்டுப் பிரசுரங்கள் விழுந்தன. ஜனங்கள் கொதித்தெழுந்து படையைத் தாக்கினார்கள். ஸுகர்ணோ நேரில் வந்து சண்டையை நிறுத்தினார். ஆயினும் 30-ஆம் தேதி, சிவப்புப் பாலத்தருகே நேர்ந்த குழப்பத்தில் மல்லபி கொல்லப்பட்டார்.

ஆயுதங்களைக் கீழே வைக்க நவம்பர் 10-ஆம் தேதி காலை 6 மணி வரை கெடு விதிக்கப்பட்டது. பணிய வேண்டாமென்று 25 வயது வாலிபர் புங் தோமோ வானொலியில் முழங்கினார். நகரம் பணியவில்லை. கெடு கடந்ததும் கடலிலிருந்தும் வானிலிருந்தும் குண்டுகள் பொழிந்தன. பர்மாவில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட 5-வது இந்திய டிவிஷன் டாங்கிகளுடன் முன்னேறியது. எதிர்த்தவர்களிடம் ஜப்பானியரிடமிருந்து பெற்ற ஆயுதங்கள் இருந்தன. அவையும் கிட்டாதவர்கள் மூங்கில் ஈட்டி ஏந்தினார்கள். மூன்று வாரம் தெருத் தெருவாக யுத்தம் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள், நகரம் வீழ்ந்தது.

அடிமைத் தேசத்தின் சிப்பாய், அடிமைத்தளையை அறுக்க முயன்ற இன்னொரு தேசத்தின் மார்பில் சுட நேர்ந்ததை என்னென்று சொல்வது! நேரு இதைக் கண்டித்துக் குரல் எழுப்பினார். சிப்பாய்களிலும் சிலர் மனம் பொறாமல் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தோனேஷியர் பழி பாராட்டினார்களா? இல்லை. 1946-இல் இந்தியாவைப் பஞ்சம் மிரட்டியபோது, அவர்களுடைய பிரதமர் ஷாரிர் 5 லட்சம் டன் அரிசி தர முன்வந்தார். சுட்டவன் வேறு, ஏவியவன் வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

1949 டிசம்பரில் டச்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தார்கள். 1950 ஜனவரி 26-ஆம் தேதி, பாரதத்தின் முதற் குடியரசுத் திருநாளுக்கு டில்லியில் விருந்தினராக வந்து நின்றவர் ஸுகர்ணோ! நவம்பர் 10-ஆம் தேதியை இந்தோனேஷியர் இன்றும் வீரர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அன்று அவர்களுடைய வீரர்களை வணங்குவதோடு, பிறர் ஏவலுக்காக அந்நிய மண்ணில் மடிந்த நம் சிப்பாய்களையும் நாம் ஒரு கணம் நினைப்போமாக.