சமூகப் பணியாளர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்றதும் காவல் நிலையம், நீதிமன்றம், நிவாரணத் தொகை ஆகிய மூன்றும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அந்தச் சட்டத்தில் இன்னொருவருக்கும் இடம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள 15ஏ பிரிவு, தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் துணையைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்கிறது. அவரைச் சார்ந்தோருக்கும் அந்த உரிமை உண்டு.

உரிமை என்ற அந்தச் சொல்லை நாம் அழுத்திப் படிக்க வேண்டும். சமூகப் பணியாளர் மனமிரங்கி வந்தால் வரட்டும் என்று சட்டம் விட்டுவிடவில்லை. துணையைக் கேட்டுப் பெறும் அதிகாரத்தைப் பாதிக்கப்பட்டவரின் கையில் கொடுத்திருக்கிறது. அப்படியானால் அந்தத் துணைக்கு வருபவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? எதற்காக அந்தத் தொழிலுக்கு வந்தவராக இருக்க வேண்டும்?

இந்தியாவில் சமூகப் பணி ஒரு படிப்பாகத் தொடங்கியது 1936இல், பம்பாயில். சென்னை சமூகப் பணிக் கல்லூரி 1952இல் வந்தது. இன்று பல ஊர்களிலும் எம்.எஸ்.டபிள்யூ. வகுப்புகள் நடக்கின்றன. மனித மாண்பை மதித்தல், தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமை, ரகசியம் காத்தல், சமூக நீதி என்று அறநெறிகளை மாணவர்கள் படிக்கிறார்கள், தேர்விலும் எழுதுகிறார்கள். ஆனால் மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல, சமூகப் பணித் தொழில் முழுவதையும் நெறிப்படுத்தும் தனி மன்றம் எதுவும் சட்டப்படி இந்தியாவில் இல்லை. தவறு செய்த சமூகப் பணியாளர் மீது தலித் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு தாய் எங்கே போய்ப் புகார் கொடுப்பார்? அதனால் அந்த அறநெறிகளுக்குக் களத்தில் காவல் அவரவர் மனசாட்சி மட்டுமே.

பதில் வராத கடிதம்

இந்தக் கேள்வியை அம்பேத்கர் 1932லேயே எழுப்பினார். அந்த ஆண்டு செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தான சில நாட்களில் தீண்டாமை எதிர்ப்புக்கென்று ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. பின்னாளில் அரிசன சேவா சங்கம் என்று அறியப்பட்டது அதுதான். அதன் செயலாளர் ஏ.வி.தக்கருக்கு, மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர் நவம்பர் 14 அன்று நீண்ட கடிதம் ஒன்று எழுதினார்.

ஒடுக்கப்பட்டவரின் நிலைக்கு அவருடைய சொந்த நடத்தையே காரணம் என்று நினைப்பவர்கள் மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூலகம், பள்ளி என்று அவரைத் திருத்தும் வேலையில் இறங்குவார்கள். சுற்றியுள்ள சமூகமே காரணம் என்று நினைப்பவர்கள் அந்தச் சமூகத்தை மாற்றப் போவார்கள். இரண்டாவது வழியே சரியானது என்றார் அம்பேத்கர். கிணறு, பள்ளி, பொது இடம் ஆகியவற்றில் குடியுரிமை, வேலையில் சம வாய்ப்பு, சமூகக் கலப்பு ஆகியவற்றுக்காக அமைப்பு பாடுபட வேண்டும் என்று கேட்டார். பணியாளர்களைப் பற்றியும் எழுதினார். அன்பில்லாத கூலி ஆட்களால் இந்த வேலை நடக்காது, ஒடுக்கப்பட்டோரிலிருந்தே பணியாளர்களை எடுத்தால் அந்த அன்பை அதிகம் எதிர்பார்க்கலாம் என்பது அவர் கருத்து. அவர்களிலும் சேவையைப் பிழைப்பாக்கியவர்கள் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

கடிதம் கிடைத்தது என்றுகூடத் தனக்குப் பதில் வரவில்லை என்று அம்பேத்கர் பிற்பாடு பதிவு செய்திருக்கிறார்.

நம் மாவட்டத்துக்கு இது புதிய பாடம் அல்ல. அந்தக் கடிதத்துக்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, 1916இல், சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிவிட்டார். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், அந்தச் சமூகத்துப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தினார். யாருக்காக வேலை செய்தாரோ அவர்கள் நடுவிலேயே அவர் வாழ்ந்தார். கணக்குக் கேட்க வேண்டியவர்கள் கண்ணெதிரிலேயே இருந்தார்கள்.

சமரசப் பேச்சு நடக்கும்போது

இன்றைய சமூகப் பணியாளரின் அறத்துக்குச் சோதனை வருவது பெரும்பாலும் சமரசப் பேச்சில்தான். புகார் கொடுத்த சில நாட்களில் ஊரிலிருந்து ஆள் வரும். எதிர் வழக்கு போடுவோம் என்ற மிரட்டலும் கூடவே வரும். குடும்பத்துக்கு வயல் வேலை ஊர்க்காரரிடம், கடனும் அவரிடம், தெருவுக்குப் போகும் பாதையும் அவர் நிலத்தை ஒட்டி. அந்தக் குடும்பம் வழக்கைத் திரும்பப் பெறலாமா என்று யோசிக்கத் தொடங்கும்.

அப்போது சமூகப் பணியாளர் இரண்டு விதமாகத் தவறலாம். 'எதற்கு வம்பு' என்று சமரசத்துக்குத் தரகராவது ஒன்று. வழக்கு நடந்தால்தான் ஆண்டறிக்கையில் எழுத முடியும் என்று குடும்பத்தை முன்னே தள்ளிவிட்டு, மாலைப் பேருந்தில் ஊர் திரும்பிவிடுவது இன்னொன்று. இரவு அந்தத் தெருவில் இருக்கப்போவது அந்தக் குடும்பம்தான். முடிவு அவர்களுடையது. அந்த முடிவு அச்சத்தில் எடுக்கப்படாமல் பார்த்துக்கொள்வதே பணியாளரின் கடமை.

அதற்குச் சட்டம் வழி தருகிறது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு தருவது 15ஏ பிரிவின்படி அரசின் பொறுப்பு. ஜாமீன் மனு உட்பட எந்த விசாரணைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு முன்தகவல் தர வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதியபின் படித்துக் காட்டிவிட்டே கையெழுத்து வாங்க வேண்டும். இதை வேண்டுமென்றே செய்யத் தவறும், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத பொது ஊழியர் 4ஆம் பிரிவின்படி தண்டனைக்கு உரியவர். இவற்றைத் தெரிந்து, காவல் நிலைய பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, 'படித்துக் காட்டுங்கள் சார்' என்று கேட்கும் ஒருவர் நூறு ஆறுதல் வார்த்தைகளை விடப் பெரிய துணை.

இன்னும் இரண்டு இடங்களில் அறம் வழுக்குகிறது. ஒன்று புகைப்படம். அழும் தாயின் முகமும் காயம்பட்ட பிள்ளையின் உடலும் நன்கொடையாளருக்குப் போகும் அறிக்கையில் அச்சாகின்றன. எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள் என்று சொல்லாமல் வாங்கிய சம்மதம் சம்மதம் ஆகாது. மற்றொன்று நிவாரணம். அரசு தரும் தொகையை 'நான் வாங்கிக் கொடுத்தேன்' என்று சொல்லும்போது உரிமை உபகாரமாகச் சுருங்கிவிடுகிறது. அடுத்த முறை அந்தக் குடும்பம் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தானாகப் போகாது, இவரையே தேடும். தன்னைத் தேவையற்றவராக்கிக்கொள்வதே நல்ல பணியாளரின் வெற்றி.

அன்பும் சம்பளமும்

அன்பு வேண்டும் என்று அம்பேத்கர் சொன்னதைக் காட்டி, சேவைக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதை நாம் ஏற்க முடியாது. வீட்டில் அரிசி இருப்பவருக்குத்தான் சம்பளமில்லாத சேவை சாத்தியம். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, திட்டம் முடிந்ததும் வேலையும் முடியும் என்ற ஒப்பந்தத்தில் களத்துக்குப் போகும் தலித் இளைஞருக்கு உரிய ஊதியமே மரியாதை. அவரைக் களத்தில் அலையவிட்டு, அறிக்கை எழுதும் நாற்காலியிலும் முடிவெடுக்கும் நாற்காலியிலும் வேறு சாதியினரே தொடர்ந்து உட்கார்ந்திருந்தால், அந்த நிறுவனம் பேசும் சமூக நீதி அதன் வாசற்படியைத் தாண்டவில்லை என்று பொருள்.

தலித் அல்லாத பணியாளருக்கு இந்த வேலையில் இடமில்லை என்று நாம் சொல்லவில்லை. தன் சொந்த ஊரில், தன் சொந்தத் தெருவில் பேச வேண்டியதைப் பேசும் பொறுப்பு அவருக்குக் கூடுதலாக இருக்கிறது. குடியிருப்பில் வந்து சுத்தத்தைப் பற்றி வகுப்பெடுப்பது எளிது. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்திருக்கும் உறவினரிடம் பேசுவது கடினம். மாற வேண்டியது சுற்றியுள்ள சமூகம் என்றால் வேலை தொடங்க வேண்டிய இடம் அந்தக் கடைதான்.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1995ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அதில் பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சேர்ந்த அலுவலர் அல்லாத உறுப்பினர்களுக்கும், தொண்டு நிறுவனத் தொடர்புள்ள பிற உறுப்பினர்களுக்கும் இடம் உண்டு. நம் மாவட்டக் குழுவில் அவர்கள் யார், கடைசியாக எப்போது கூடினார்கள், நம் ஊர் வழக்கைப் பற்றி என்ன பேசினார்கள் என்று கேட்போம். உங்கள் குடியிருப்புக்கு வரும் சமூகப் பணியாளரிடமும் கேளுங்கள். நல்ல பணியாளர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.