முறுக்குத்தண்டும் திருகுமூட்டும்: மோரிஸ் மைனரின் முன்தாங்கமைப்பு

சிரம்பானிலிருந்து ராசா, மம்பாவ் வழியாகப் போர்ட்டிக்சன் நோக்கிச் செல்லும் சாலையிலும், அதன் இருமருங்கும் விரிந்திருந்த ரப்பர் தோட்டங்களின் செம்மண் சடக்குகளிலும் ஒரு காலத்தில் ஓடிய கார்களுள் மோரிஸ் மைனரும் ஒன்று. அலெக் இசிகோனிஸ் வடிவமைக்க, 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இவ்வண்டி பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. இன்றும் அதனைப் பேணுவோர் சிலர், முன்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பைத் தம் வீட்டிலேயே பிரித்துப் புதுக்குகின்றனர். மொழி பற்றிய சொற்பொழிவில் இதற்கு என்ன இடம் என்று மாணவர் வினவலாம். ஓர் உறுப்பின் பெயரைப் பிழையாக உணர்ந்தவர் தம் கையையே இழக்க நேரும் தொழில் இது. கலைச்சொல் எதற்கு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் இடம் அரிது.

முதலில் தொகுதியின் பெயர். இதனைத் 'தொங்கல் அமைப்பு' என்று எழுதுவோர் உளர். பழைய ஐரோப்பியக் கோச்சு வண்டிகளில் இருக்கைப் பெட்டியைத் தோல்வார்களில் தொங்கவிட்டனர். ஆங்கிலப் பெயர் அதன் எச்சம். தோல்வார் போய்விட்டது, சொல் நின்றுவிட்டது. அதை நாம் மொழிபெயர்த்துச் சுமக்க வேண்டியதில்லை. நம் முன்னோர் வில்பட்டை பூட்டிய மாட்டுவண்டியை 'வில்வண்டி' என்றனர். வேலை செய்யும் உறுப்பே பெயராயிற்று. அவ்வழியில் 'தாங்கமைப்பு' என்பதே நமக்கு உவப்பு.

மைனரின் முன்புறத்தில் வில்பட்டையும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. காரின் நீளவாக்கில் பக்கத்துக்கு ஓர் எஃகுத்தண்டு கிடக்கிறது. அதன் பின்முனை அடிச்சட்டத்தில் பிணைக்கப்பட்டது. முன்முனை சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையோடு பிணைந்தது. சக்கரம் மேடேறினால் கை உயர்கிறது, தண்டு முறுகுகிறது; முறுக்கு விடுபடும்போது கை இறங்குகிறது. இதன் பெயரில் ஒற்று மிகுமா? 'முறுக்குதண்டு' என எழுதினால் வினைத்தொகை. 'முறுக்கு' பிறவினையாதலால், பிறிதொன்றை முறுக்கும் தண்டு என்றாகிவிடும். 'முறுக்குத்தண்டு' என்றால் முறுக்கினால் இயங்கும் தண்டு. இங்கே முறுகுவது தண்டேயன்றி வேறன்று. ஆகவே ஒற்று மிக வேண்டும்.

அந்த ஒற்றுக்குள் அபாயமும் அடங்கியிருக்கிறது. கார் நிற்கும்போதும் தண்டு முறுகியே நிற்கிறது. வெறும் கம்பி என்று எண்ணி மேலிணைப்பைக் கழற்றினால் கீழ்க்கை பாய்ந்து இறங்கும். ஆதலால் காரை உயர்த்தி, அடிச்சட்டத்தின் கீழ் உறுதியான முட்டுக்கால்களை நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றியபின், கீழ்க்கையின் அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்க வேண்டும். திசைதிருப்புங் கோலையும் மேலிணைப்பையும் விடுவித்தபின் ஜாக்கியைச் சிறிது சிறிதாக இறக்க, முறுக்கு தானே அவிழும். ஒரு பக்கம் பழகிய தண்டை மறுபக்கம் மாற்றிப் பூட்டலாகாது. அதன் எஃகு அப்பக்கத்து முறுக்குக்குப் பழகியிருக்கும்.

மேலிணைப்பு என்றோமே, அது தனிக்கையன்று. பட்டறையில் 'அப்சோபர்' எனப்படும் அதிர்வடக்கியின் நெம்புகோலே இவ்வண்டியில் மேற்கையாகவும் பணிபுரிகிறது. அதனுள் எண்ணெய் குறைந்தால் கார் ஊசலாடும்.

இவ்வமைப்பின் உயிர்நிலை கீழே உள்ளது. சக்கரத்தைத் தாங்கும் நிலைத்தண்டின் அடிமுனையில் திருகுபுரி உண்டு. அது புரியுள்ள ஒரு கூட்டினுள் இறங்கி நிற்கிறது. பட்டறையினர் இதனை 'டிரனியன்' என்பர். ஓட்டுநர் வளைவில் திருப்புந்தோறும் நிலைத்தண்டு இக்கூட்டினுள் திருகாணிபோல் சுழல்கிறது. 'திருகுமூட்டு' என்னும் பெயர் அவ்வியக்கத்தைக் காட்டுவதோடு, உராயும் இடம் இதுவே, கிரீஸ் வேண்டும் இடமும் இதுவே என்று சொல்லிவிடுகிறது. கிரீஸ் இன்றி, செம்மண் தூசியும் மழைநீரும் புகுந்தால் புரி தேயும். தேய்ந்த புரி ஒருநாள் பிடிவிடும். தண்டு கூட்டிலிருந்து கழன்று, சக்கரம் மடங்கிக் கார் சாலையில் அமர்ந்துவிடும்.

தேய்வை அறிய எளிய வழி உண்டு. சக்கரத்தை நிலத்தினின்று உயர்த்தி, மேலும் கீழும் பற்றி அசைத்துப் பார்க்கலாம். ஆட்டம் தெரிந்தால், உடனிருப்பவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்க. ஆட்டம் நின்றால் குறை சக்கரத்தின் பேரிங்கில், நில்லாவிடில் மூட்டுகளில். தேய்ந்த மூட்டைச் சரிசெய்ய முயல்வது வீண். புதியதே பூட்டத் தகும். வலப்புறத்துக்கும் இடப்புறத்துக்கும் புரியின் திசை வேறாதலால், வாங்கும்போதே பக்கத்தைச் சொல்லி வாங்க வேண்டும்.

மூட்டுகளிடையே உள்ள ரப்பர் புஷ்களையும் மாற்றிவிடுதல் நன்று. பால்மரக் காட்டில் வளர்ந்தோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதி நெகிழும். புஷ்களின் நட்டுகளை இறுதியாக முடுக்குவது, கார் தன் சக்கரங்களில் நின்றபின்னரே. தொங்கும் நிலையில் முடுக்கினால், இறக்கியவுடன் ரப்பர் முறுகி விரைவில் கிழியும்.

எல்லாம் பூட்டியபின் காரைச் சிறிது தூரம் உருட்டி, இருபுற உயரத்தையும் ஒப்பிட்டு, கடைசியாக 'முன்குவிவை' அளக்க வேண்டும். முன்சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரம், பின்விளிம்புகளுக்கு இடையிலுள்ளதைவிட 2.4 மில்லிமீட்டர் குறைவாக இருத்தல் வேண்டும்.