பஞ்சத்தில் எழுந்த கோயில்

ஐதராபாத்திலிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் மேதக் ஊர் வரும். தூரத்திலேயே ஒரு கோபுரம் தெரியும். அதன் உயரம் சுமார் 175 அடி. அது ஒரு கிறிஸ்தவ தேவாலயம். அதைக் கட்டியவர்கள் யார்? வாருங்கள், பார்ப்போம்.

இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி என்ற போதகர் இருந்தார். காலம் 1703 முதல் 1791 வரை. அவரும் நண்பர்களும் ஜெபம், படிப்பு, சிறைக் கைதிகளுக்கு உதவி எல்லாவற்றையும் ஒரு முறைப்படி செய்தார்கள். மற்றவர்கள் அவர்களை 'மெதடிஸ்டு' என்று கேலி செய்தார்கள். 'முறைப்படி நடப்பவர்' என்று அர்த்தம். கேலிப் பெயரே சபையின் பெயராக நிலைத்துவிட்டது.

அந்தச் சபையின் போதகர் சார்லஸ் வாக்கர் பாஸ்நெட். அவர் 1895-இல் செகந்திராபாத் வந்தார். முதலில் ஆங்கிலேயப் படைவீரர்களிடம் ஊழியம் செய்தார். பிறகு மேதக் கிராமங்களுக்குப் போனார். அப்போது அங்கே நிஜாம் ஆட்சி நடந்தது.

மேதக்கில் இருந்த ஜெபவீடு சின்னது. கூட்டமோ பெருகியது. அதனால் 1914-இல் பெரிய கோயில் கட்டும் வேலை தொடங்கியது.

அந்த ஆண்டுகளில் முதல் உலகப்போர் நடந்தது. விலைவாசி ஏறியது. மழையும் பொய்த்தது. பஞ்சம் வந்தது. ஏழைகள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

பாஸ்நெட் ஒரு வழி கண்டார். பசியோடு வந்தவர்களுக்குக் கோயில் கட்டும் வேலையைக் கொடுத்தார். வேலை செய்தவர்களுக்குச் சாப்பாடு கிடைத்தது. அவர்கள் யாரிடமும் கையேந்தவில்லை. உழைத்துச் சாப்பிட்டார்கள். குடும்பங்கள் பிழைத்தன. கோயிலும் வளர்ந்தது.

வேலை முடியப் பத்து ஆண்டுகள் ஆயின. 1924 டிசம்பர் 25-இல் கோயில் திறக்கப்பட்டது. நீளம் 200 அடி. அகலம் 100 அடி. சுமார் 5,000 பேர் உட்காரலாம்.

உள்ளே மூன்று பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் உண்டு. இயேசுவின் பிறப்பு, சிலுவை மரணம், விண்ணேற்றம் ஆகியவை அவற்றில் படங்களாக இருக்கின்றன. வெளியே வெயில் அடித்தால்தான் படங்கள் பளிச்சென்று தெரியும். பொழுது சாய்ந்தால் மங்கிவிடும்.

1947-இல் பல சபைகள் ஒன்றாகி, தென்னிந்தியத் திருச்சபை உருவானது. மேதக் கோயில் இப்போது அந்தத் திருச்சபையைச் சேர்ந்தது.

பாஸ்நெட்டின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் கல் சுமந்தவர்கள், மண் வெட்டியவர்கள் பெயர்களை யார் எழுதினார்கள்?

உங்கள் ஊரிலும் குளம், சாலை, பள்ளிக்கூடம் இருக்கும். அவற்றுக்கு உழைத்தவர்கள் யார்? பெரியவர்களைக் கேளுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். அவர்கள் பெயர்களை எழுதி வையுங்கள்.